ஊதாங்குழலும் ஆயில் என்ஜினும்

"நான் செய்யலை, நான் செய்யலை" என்று அடித்துக்கொள்கிறவர்களை என் வயதுக்கு நிறையப் பார்த்துவிட்டேன். "நான்தான் செஞ்சேன்" என்று இரண்டு ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். மதுரை தெற்கு வாசலுக்கு உள்ளே, ஒரு சந்தில் இருந்த, இரும்பு கடைகிற லேத்துப் பட்டறையில் அது நடந்தது. ஒருவர் என் அப்பா. இன்னொருவர் அத்தையின் புருஷன், என் மாமா. இரண்டு பேரும் சொன்னது பச்சைப் பொய். அங்கே உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற பெருமையில், வாய் கொள்ளாத முறுக்கோடு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, துணிக்கு வரிசை, எது கேட்டாலும் "பட்டாளத்துக்குப் போயிருச்சு" என்று ஒரே பதில். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு வயல். அப்பாவின் ஒரே தங்கை பக்கத்து வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் கிணறு பொது, அதனால் தகராறும் பொது, நல்லது கெட்டதும் பொது. சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருவரும் கூடிப் பேசி, கமலை இறைத்த மாடுகளை விற்று, ஒரு ஆயில் என்ஜினை வாங்கிக் கிணற்றடியில் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

என்ஜினுக்கு எங்கள் ஊரில் கிடைத்த மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைத்ததில்லை. வந்த அன்றே சேவல் அறுத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம், குங்குமம். கொட்டகைக்குள் செருப்போடு போகக் கூடாது. இதெல்லாம் போதாதென்று அத்தையின் மாமியார் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டாள்.

"பொம்பள கால் உள்ள பட்டா என்ஜின் படுத்துக்கிரும். எவளாச்சும் வச்சா, வச்சவ அன்னைக்கே அண்ணன் வீட்டுக்கு நடையக் கட்ட வேண்டியதுதான்."

வீட்டில் அண்ணன் உள்ள பொம்பளை அத்தை ஒருத்திதான் என்பதால் அது யாருக்குச் சொன்னது என்று எல்லோருக்கும் புரிந்தது. அண்ணன் வீடு அடுத்த வாசல்தானே என்று சிரிக்க வேண்டாம். அந்த வாசலுக்கும் இந்த வாசலுக்கும் நடுவே நடந்துவிட்டால் திரும்பி வர வழி கிடையாது. மூத்த மருமகளை ஏதோ வாய்த் தகராறில் அந்த அம்மாள் இதே மாதிரிதான் "நடையக் கட்டு" என்றாள். அவள் ரோஷக்காரி, நடந்தேவிட்டாள். பின்னாலேயே மூத்த மகனும் போய்விட்டார். கொழும்பில் இருக்கிறார் என்று கேள்வி. ஒரு வரி கடுதாசி கிடையாது. அந்த அம்மாளைக் கண்டால் எனக்குப் பயம். அத்தைக்கும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகையறாவுக்கு எதையும் இறுக்கினால்தான் நிம்மதி. கமலை வடமோ, வண்டிப் பாரமோ, கூரைக் கயிறோ, அது முனகுகிற வரைக்கும் இழுத்தால்தான் கட்டின மாதிரி. என் அம்மா சடை பின்னினால் எனக்குப் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும். கயிற்றுக்கு அது சரி. மாமா அதே கையோடு என்ஜினுக்கு வந்துவிட்டார். மேல் மூடியை ஹெட்டு என்பார்கள், கீழே இருக்கிற கனமான இரும்பை பிளாக்கு என்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுகளில் மாமாவுக்கு எப்போதும் ஒரு கண். நடுவில் "புஸ்" என்று காற்று வந்தால் ஸ்பேனரை மாட்டி ஒரு இழுப்பு. எண்ணெய் கசிந்தால் ஒரு இழுப்பு. ஒன்றுமே இல்லாவிட்டாலும் சாப்பிடப் போகும்முன் கை அரிப்புக்கு ஒரு இழுப்பு. பிளாக்குக்குள் போல்ட்டைக் கவ்விப் பிடிக்கிற மரை பாவம், எவ்வளவு நாளைக்குத்தான் தாங்கும்?

வில்லாபுரத்தில் சொந்தத்தில் ஒரு சாவு, துஷ்டிக்குப் போக வேண்டும். அப்பா, அம்மா, மாமா, அத்தையின் மாமியார் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குக் காவலாக அத்தை. அத்தைக்குத் துணையாக நான். நெல் அப்போது பால் பிடிக்கிற பருவம். வெயிலா அது, நெருப்பு! மத்தியானத்துக்குள் வந்து தண்ணீர் பாய்ச்சுகிறேன் என்று சொல்லிப் போன மாமா வரவில்லை. அத்தை வாசலுக்கும் வரப்புக்கும் நடந்தாள். மேற்கு வயலில் மண் வாய் பிளந்து கிடந்தது.

"ஏ புள்ள, ரெண்டு நாள் இப்பிடிக் காஞ்சா அம்புட்டும் பதருதான்டி," என்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள்.

அத்தை அந்தச் சக்கரத்தைச் சுற்றி என்ஜினைக் கிளப்பினதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. தினமும் கஞ்சிக் கலயத்தோடு கொட்டகை வாசலில் நின்று மாமா செய்வதைப் பார்த்தே பழகியிருக்கிறாள். "டுப்... டுப்..." என்று தயங்கி, பிறகு மளமளவென்று பிடித்துக்கொண்டது. தண்ணீர் குதித்து வந்தது. நான் கையைத் தட்டிக் குதித்தேன். வாய்க்கால் நிறைந்து மேற்கு வயலின் விளிம்பை நனைக்கிற நேரத்தில் என்ஜினில் "புஸ்" என்று ஒரு சத்தம். புருஷன் செய்கிறதைத்தானே பெண்டாட்டி செய்வாள்? ஸ்பேனரை மாட்டி இழுத்தாள். அசையவில்லை. வீட்டுக்குள் ஓடினவள், அடுப்படியிலிருந்து இரும்பு ஊதாங்குழலை எடுத்துக்கொண்டு வந்தாள். பம்புக்கு வாங்கிய சின்னக் குழாயில் மிஞ்சின துண்டுதான் அந்த ஊதாங்குழல். ஸ்பேனரின் கைப்பிடிக்குச் சொல்லி வைத்த மாதிரி பொருந்தியது. கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு அத்தை ஒரு இழுப்பு இழுத்தாள்.

முதலில் இரும்பு முனகியது. எங்கள் வீட்டு வழக்கப்படி அது நல்ல சகுனம். அத்தை இன்னும் கொஞ்சம் இழுத்தாள். சட்டென்று கை லேசாகிவிட்டது. அந்த போல்ட்டு அதற்குப் பிறகு எந்தப் பக்கம் திருப்பினாலும் "சரி சரி" என்று சுற்றியது, பிடிக்கவேயில்லை. உள்ளே மரை மொத்தமும் உதிர்ந்திருந்தது.

அத்தை என்ஜினை நிறுத்தினாள். குழலின் ஒரு வாய் நசுங்கிக் கோழிமுட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அதைச் சேலையில் துடைத்து அடுப்புக்குப் பக்கத்தில் பழையபடி சாய்த்து வைத்தாள். அப்புறம் என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"மீனாட்சி மேல சத்தியம் பண்ணு. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. விட்டேன்னா அத்தைக்கு அம்புட்டுத்தான்."

சத்தியம் பண்ணினேன். அவ்வளவு பெரிய ரகசியம் எனக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. பயம் பாதி, பெருமை பாதி.

சாயங்காலம் வந்த மாமா என்ஜினைக் கிளப்பினார். கொஞ்ச நேரத்தில் ஹெட்டுக்கு அடியிலிருந்து சூடான புகை பீறிட்டது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஓடின. மாமா நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தார், போல்ட்டு கையோடு சுற்றியது. ஸ்பேனரின் கைப்பிடியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். எதையும் துடைத்துப் பழக்கமில்லாத மனுஷன். துண்டில் கரி அப்பியது. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அத்தையின் மாமியார் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். "நல்லா ஓடிக்கிட்டு இருந்த சாமான் எப்பிடிப் படுக்கும்? எவ கைடா பட்டுச்சு?"

மாமா சொன்னார், "எவ கையும் இல்ல ஆத்தா. நேத்து நான்தான் கொஞ்சம் வெறியா இழுத்துட்டேன்."

இது அப்பாவுக்குத் தெரியாது. அவர் அப்போது வயலைப் பார்க்கப் போயிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேற்கு வயலின் ஈரச் சேறு ஒட்டின காலோடு வந்தவர், போல்ட்டு போன கதையை வழியில் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, அந்த அம்மாளைத் தெருவில் பார்த்ததும் அவள் கேட்காமலே சொன்னார். "அத்தே, காலையில துஷ்டிக்குக் கெளம்புற அவசரத்துல நான்தான் அந்த போல்ட்ட முறுக்குனேன். மாப்ளயத் திட்டாதீக."

"ஒத்தப் போல்ட்டுக்கு ரெண்டு ஆம்பளையா?" என்றாள் அந்த அம்மாள். உள்ளே போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு பேருக்கும் மரை கழன்றுவிட்டதா, செய்யாத காரியத்துக்கு எதற்காகப் பழியை வாங்கிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். பெரியவர்கள் சில சமயம் மறதியில் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கும் வந்தேன்.

மறுநாள் காலையில் அத்தையைப் பார்க்க ஓடினேன். அவள் கொல்லையில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் மாமியார்தான் தீ மூட்டிக்கொண்டிருந்தாள். ஊதாங்குழலை வாயில் வைத்தவள், முகத்தைச் சுளித்துத் தூவென்று துப்பினாள். முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். குழலை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ஊத ஆரம்பித்தாள். அவளுக்குத் துப்புவது சகஜம்தான். நான் கொல்லைக்கு ஓடிவிட்டேன்.

மாமா முதலில் கைவைத்தியம் பார்த்தார். போல்ட்டில் சணலைச் சுற்றி, சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பூசி, ஓட்டைக்குள் திணித்தார். சுவருக்குப் பிடிக்கிற காரை இரும்புக்குப் பிடிக்காதா என்று கேட்டார். கிளப்பின சுருக்கில் போல்ட்டு கூரையைக் கிழித்துக்கொண்டு போய் வாழைத்தோப்பில் விழுந்தது. நல்ல வேளை, யார் தலையும் அந்தப் பக்கம் இல்லை. என்ஜின் விற்ற கம்பெனியின் ஏஜெண்டைப் போய்க் கேட்டால், புது பிளாக்கு சீமையிலிருந்து வர வேண்டும், சண்டை முடிந்தால் வரும் என்றாராம். சண்டை எப்போது முடியும் என்று அப்பா கேட்டாராம். அதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றாராம் அவர். கமலைக்குத் திரும்பலாமென்றால் மாடு இல்லை. நெற்கதிர் நுனியில் வெளுப்பு ஏற ஆரம்பித்தது. அத்தை சோறு தின்பதை நிறுத்திவிட்டாள்.

பழங்காநத்தத்துச் சொந்தக்காரர் ஒருவர்தான் தெற்கு வாசல் பட்டறையைச் சொன்னார். அண்ணன் தம்பி இரண்டு பேர் லேத்து வைத்திருக்கிறார்கள், லாரி என்ஜினெல்லாம் அங்கேதான் வரும் என்றார். பிளாக்கைக் கழற்றி வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றுகிற மாதிரி ஏற்றினார்கள். அத்தை அப்பாவிடம் கெஞ்சினாள். "பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்கண்ணே, மதுரையப் பாக்கணும்னு ரொம்ப நாளா அழுகுறா." நான் ஒரு நாளும் அழுததில்லை. வண்டி கிளம்பும்போது என் மடியில் முறுக்குப் பொட்டலத்தை வைத்துக் காதுக்குள் சொன்னாள். "யாரு என்ன பேசுனாலும் கேட்டுட்டு வந்து சொல்லு. பொட்டு விடாம சொல்லணும்." ஆக, நான் போனது ஒற்று வேலைக்கு.

பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். தடித்த மனிதர், தொப்பி முழுக்க எண்ணெய்க் கறை. தம்பி ஒல்லி, வாய் ஓயாது. பாய் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றி, உதிர்ந்த தூளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

"பெரிசாத் தொளச்சு பெரிய போல்ட்டாப் போட்டுருங்க பாய், கெட்டியா நிக்கும்," என்றார் மாமா.

"பெருசாப் போட எடம் வேணும்ல அண்ணே. இந்தப் பக்கம் பாருங்க, விரக்கடைகூட இல்ல, அடுத்தாப்புல தண்ணி ஓடுற அறை. தொளை பொத்துக்கிட்டா பிளாக்க எடைக்குத்தான் போடணும்." பாய் ஒரு சாக்கட்டியால் பிளாக்கின் மேல் வட்டம் போட்டுக் காட்டினார். "புஷ்தான் வழி. ஒரு குட்டிக் குழாய் மாதிரி கடைஞ்சு, வெளியயும் மரை, உள்ளயும் மரை. வெளி மரை பிளாக்கப் பிடிச்சுக்கிரும். உள் மரையில உங்க பழைய போல்ட்டே ஏறும். ஆனா எதுல கடையிறதுன்னுதான் யோசனை."

அங்கேதான் அண்ணன் தம்பிக்குள் தொடங்கியது. பித்தளை என்றார் தம்பி. கடைவது சுலபம், துருப்பிடித்து இறுகாது, எப்போது வேண்டுமானாலும் போல்ட்டைக் கழற்றலாம். அப்பாவுக்கும் பித்தளை பிடித்திருந்தது, பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார். பிளாக்குக்குள் போகிறதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. உடைந்த லாரி அச்சு ஒன்று மூலையில் கிடந்தது. அந்த உருக்கில் கடையலாம் என்றார் பாய். தம்பி, "நாள் பூரா கடையணும், உளி மழுங்கும்" என்று முணுமுணுத்தார்.

"அது இருக்கட்டும். இந்தப் போல்ட்ட முறுக்குனது யாரு?" என்று பாய் கேட்டார்.

"நான்தான்," என்றார் அப்பா.

"நான்தான்," என்றார் மாமா, அதே மூச்சில்.

இருவரும் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாப்ள, நீங்க சும்மா இருங்க. துஷ்டிக்குக் கெளம்பையில நான்தான்..."

"நீங்க எங்க மச்சான் கொட்டகைக்கு வந்தீக? மொத நாளு நான்தான் இழுத்தேன். இழுத்தவனுக்குத் தெரியாதா?"

"இழுத்தவனுக்குத் தெரியும்னுதான் நானும் சொல்றேன்!"

சத்தம் ஏறியது. அடுத்த கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "லேத்துப் போட்ட நாள்ல இருந்து பாக்குறேன், வர்றவன் எல்லாம் 'தானா போயிருச்சு பாய்'னுதான் சொல்லுவான். போட்டி போட்டுக்கிட்டு ஒப்புக்கிறவுகள இன்னைக்குத்தான் பாக்குறேன். அந்த ஸ்பேனரக் குடுங்க."

கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வட்டமாக இரண்டு கீறல். "குழாய மாட்டி இழுத்திருக்கு. என்ன குழாய்?"

இரண்டு பேரும் பட்டறைச் சுவரில் சாய்த்திருந்த சாமான்களைக் கண்ணால் துழாவினார்கள். அப்பாதான் முதலில் தேறினார். "கடப்பாரை."

"கடப்பாரைக்கு ஏதுண்ணே ஓட்டை?"

"பம்புக் குழாய்," என்றார் மாமா அவசரமாக.

"பம்புக் குழாய் இதுக்கு அண்டா மாதிரி இருக்குமே."

ஊதாங்குழல்! ஊதாங்குழல்! எனக்கு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர்களுக்கு இது தெரியவில்லையே என்று பரிதாபமாக இருந்தது. சத்தியம் நினைவுக்கு வர, இன்னும் ஒரு முறுக்கை முழுசாக வாய்க்குள் தள்ளினேன். பாய் என்னைப் பார்த்தார். கைப்பிடியின் இடுக்கில் ஒட்டியிருந்த கரியைச் சுண்டுவிரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். பிறகு அப்பாவையும் மாமாவையும் பார்த்தார்.

"சரி, சரி. யாரோ கை கனமான ஆளு. எனக்கு அது தெரிஞ்சாப் போதும். போல்ட்டு பழசு, புஷ் புதுசு, ஆனா இழுக்குற கை பழைய கைதானே? அதுக்குத் தகுந்த மாதிரிதான் போடணும்," என்றார்.

தம்பி விடவில்லை. ஒரு பித்தளைப் புஷ்ஷைக் கடைந்து, மூலையில் கிடந்த ஓட்டை லாரி பிளாக்கு ஒன்றில் முதலில் போட்டுக் காட்டினார். வெறும் ஸ்பேனரால் முறுக்கியபோது ஜோராக நின்றது. அப்பா "பாத்தீகளா" என்றார். பாய் ஒரு குழாயை ஸ்பேனரில் மாட்டி, காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். அச்சாக அத்தை மாதிரியே இழுத்தார்! முனகல் கேட்டது, பிறகு மஞ்சள் தூள் கொட்டியது. தம்பி வாயை மூடிக்கொண்டு லாரி அச்சை அறுக்கப் போய்விட்டார்.

உருக்குப் புஷ் கடைந்து முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. வெளி மரையைப் பொடியாக வெட்டினார் பாய், பெரிய பல்லாக வெட்டினால் புஷ்ஷின் சுவர் மெலிந்துவிடும் என்றார். உள் மரை பழைய போல்ட்டுக்கு. அதெல்லாம் எனக்கு அப்போது வேடிக்கை. வேடிக்கை நின்றது பிளாக்கைத் துளைக்க ஆரம்பித்தபோதுதான். பாய் "பிஸ்மில்லா" என்று சொல்லி ட்ரில்லை இறக்கினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு "தாயே மீனாட்சி" என்றார். அப்பா என் கையைப் பிடித்திருந்தார், எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்திருந்தார். எங்கள் வகையறாப் பிடி. சாம்பல் நிறத் தூள் வந்துகொண்டே இருந்தது. சுவர் பொத்துக்கொண்டால் என்ஜின் போச்சு, நெல் போச்சு, நெல் போனால் யார் கை பட்டது என்ற பேச்சு மறுபடி எழும், எழுந்தால் அத்தை அடுத்த வாசலுக்கு நடந்து வருவாள். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. கையிலிருந்த முறுக்கைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

மரை வெட்டி, புஷ்ஷை இறக்கி, அது சுற்றாமல் இருக்க ஓரத்தில் ஒரு சின்ன ஊசியை அடித்து, தண்ணீர் ஓடுகிற அறையில் தண்ணீரை நிரப்பினார்கள். பாய் ஓட்டைக்குள் ஒரு காய்ந்த துணியைச் சுருட்டி விட்டார். எல்லோரும் காத்திருந்தோம். பாய் துணியை உருவி என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, நீயே சொல்லு. ஈரமா?"

கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. "இல்ல!" என்று கத்தினேன். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா மூக்கை உறிஞ்சிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி வண்டிக்காரரைத் தேடிப் போனார். கிளம்பும்போது பாய் ஸ்பேனரை மாமாவிடம் கொடுத்தார். "வெறுங்கையில முறுக்குனாப் போதும். இந்தப் புஷ் தாங்கும், ஆனா மறுபடி குழாயப் போட்டு இழுத்தா பிளாக்கே பிளந்துரும். உங்க ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்," என்றவர் "ரெண்டு பேருக்கும்" என்பதை ஒரு மாதிரி இழுத்துச் சொன்னார். திரும்பி வருகிற வழியில் அப்பா வெற்றிலையை மடித்து மாமாவுக்குக் கொடுத்தார். மாமா வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அத்தையிடம் எல்லாவற்றையும் பொட்டு விடாமல் ஒப்பித்தேன். "ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு சண்டை போட்டாகத்தே! ரெண்டு பேருக்குமே ஒண்ணும் தெரியல!" அத்தை என்னைக் கட்டிக்கொண்டு தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நெடுநேரம் விடவேயில்லை. எனக்கு மூச்சு முட்டியது.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் பிளாக்கை மாட்டினார்கள். மாமா போல்ட்டுகளை வெறுங்கையால் முறுக்கினார். கடைசி போல்ட்டில் கை பழைய ஞாபகத்தில் இன்னொரு இழுப்புக்குப் போயிற்று. அப்பா "மாப்ள" என்றார். மாமா கையை எடுத்துவிட்டார். என்ஜின் இருமியது, தயங்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஹெட்டுக்கு அடியில் ஒரு பொட்டுப் புகை இல்லை. தண்ணீர் குபீரென்று வந்து வாய்க்காலில் விழுந்தபோது ஊரே சத்தம் போட்டது. அத்தை கொட்டகைக்கு வெளியே, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, தூரத்தில் நின்று பார்த்தாள். அவள் மாமியார் பக்கத்தில் நின்றாள். "போ, போயி சோத்தத் தின்னு. வயிறு ஒட்டிப் போயிக் கெடக்கு," என்றாள் அந்த அம்மாள், திரும்பிப் பார்க்காமல். நெல் தப்பியது. அந்த வருஷம் பதர் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் தப்பியது.

கொஞ்ச நாளில் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன் வந்தான். அத்தையின் மாமியார் உள்ளே போய் இரும்பு ஊதாங்குழலை எடுத்து வந்து அவன் தராசில் போட்டாள். நசுங்கின வாய் மேலே தெரிந்தது.

"நல்ல குழாயா இருக்கேம்மா, இதப் போயிப் போடுறீங்க?" என்றான் அவன்.

"வாயில சுடுது. எம் மருமக கைக்கு மூங்கில்தான் தோது," என்றாள்.

சந்தையிலிருந்து வாங்கி வந்த புது மூங்கில் குழல் ஒன்று ஏற்கெனவே அடுப்படியில் சாய்ந்திருந்தது. எடையைவிடக் கூடுதலாகவே சண்டை போட்டு வாங்கிய பேரீச்சம்பழத்தில், முதல் கை நிறைய அத்தைக்குப் போயிற்று. அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

எனக்குக் கல்யாணமாகிப் போன வீட்டில், ஒரு நாள் யாரோ சைக்கிளுக்கு எண்ணெய் விட்ட கையால் தொட்டு வைத்திருந்த ஊதாங்குழலை வாயில் வைத்தேன். தூவென்று துப்பினேன். என்ஜின் எண்ணெய் ஒட்டின குழல் நாக்குக்குச் சொல்லிவிடும், மறைக்க முடியாது. அத்தையின் மாமியார் துப்பின அந்தக் காலை நினைவுக்கு வர, குழலைப் பிடித்தபடி அப்படியே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சோறு குழைந்தது, அன்றைக்கு நானும் என் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பேரீச்சம்பழ நாளில் எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நானும் அத்தையும் கொல்லைப்புறம் ஓடினோம். இருந்த ஒரே சாட்சியையும் கிழவியே தூக்கிக் கொடுத்துவிட்டாளே! அப்பாவுக்குத் தெரியாது, மாமாவுக்குத் தெரியாது, பாய்க்குத் தெரியாது, இனிமேல் யாருக்கும் தெரியப் போவதில்லை. "உங்க மாமியா சரியான ஏமாந்த சோணகிரி அத்தே," என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை, என் வாயைப் பொத்தினாள். நான் அவள் கையை விலக்கிவிட்டு, பேரீச்சங்கொட்டையை எவ்வளவு தூரம் துப்ப முடியும் என்று பார்க்கப் போய்விட்டேன்.